நாலும் தெரிந்தவள்

பதினைந்து சொற்கள்.
நொடிக்கு ஒன்று.
குரலில் ஏற்றம் கூடாது, இரக்கம் அறவே கூடாது.
அகப்பை. ஏணி. தவிடு. மணி. கையுறை.
பன்னிரண்டு ஆண்டாக வாசிக்கிறேன்.
வீட்டில் கடைக்குப் பட்டியல் சொன்னால்கூட
கணவன் கேட்கிறான்:
"இப்போதே திருப்பிச் சொல்லவா,
அரைமணி கழித்தா?"

தார்த்துவில் நவம்பர்.
காலை ஒன்பதாகியும்
சன்னல் கண்ணாடியை விட்டு இருட்டு இறங்கவில்லை.
வூருவிலிருந்து முதல் பேருந்தில் வந்தார்கள்
அக்காளும் தங்கையும்.
வைக்கெவுக்கு எழுபத்தொன்பது, ஹில்யாவுக்கு எழுபத்தாறு.
இருவருக்கும் ஒரே குடை,
தகர டப்பாவில் கறுப்பு ரொட்டி.

யார் இரத்தத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று
எனக்குச் சொல்லமாட்டார்கள்.
சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடுமாம்.
நல்ல விதிதான்.
வைக்கெ அதைக் கோட்டோடு சேர்த்துக் கழற்றி மாட்டினாள்.

"எனக்கு இரண்டு நான்கு.
அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று.
மிச்சமிருந்த மூன்றுகளை இவள் எடுத்துக்கொண்டாள்.
டாக்டர் என் தாளைப் படித்துவிட்டு
மூக்குக்கண்ணாடியை மூன்று தரம் துடைத்தார்.
எங்கள் பள்ளியில் நான்கு என்றால் 'நன்று'.
கணக்கில் எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை."

முப்பத்தோராண்டு பால் நிலையத்தில் எடை பார்த்தவள்.
பதினான்கு சொன்னாள்.
அரைமணி கழித்தும் பதினான்கு.
விட்டுப்போன மணியின் இடத்தில்
வெண்ணெய் என்றாள்.
பட்டியலில் இல்லாத சொல்; பிழை என்று குறித்தேன்.
எட்டிப் பார்த்தாள்.
"இல்லாவிட்டால் என்ன, இருக்கவேண்டிய சொல்."

ஹில்யா முதலில் ஐந்து.
பிறகு இரண்டு.
பிறகு மடியில் கையுறையை விரல் விரலாக நீவிவிட்டு
மிக மரியாதையாகக் கேட்டாள்:
"நீங்கள் என்னிடம் ஏதோ கேட்டீர்களோ?"

ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால்
நான்கு உள்ளவர்களின் கோடு
சீக்கிரம் சரிகிறது. உண்மை.
அந்தப் படத்தை நானே மாநாட்டில் காட்டியிருக்கிறேன்.
ஒருத்தியை மட்டும் எதிரே உட்காரவைத்தால்
கோடு இல்லை.
கம்பளிச் சட்டை இருக்கிறது,
முழங்கையில் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டது.

தங்கை கழிப்பறைக்குப் போன நேரம்
வைக்கெ நாற்காலியை இழுத்துப்போட்டாள்.
"என் முறை எப்போது?"
தெரியாது என்றேன்.
"எழுதித்தானே அனுப்பினீர்கள்?"
வாய்ப்பு என்றுதான் எழுதினோம், நாள் எழுதவில்லை என்றேன்.
அவள் யோசித்தாள்.
தராசு முள் நிற்கும்வரை காத்திருந்து பழகிய முகம்.
"அதுவரை இவளுடையதையும் நானே வைத்துக்கொள்கிறேன்.
மாத்திரை, வங்கி எண்,
செத்துப்போன எங்கள் நாய் ஒவ்வொன்றின் பெயரும்.
ஒன்பது நாய்."

அதற்குப் பிறகு?
நான் கேட்கவில்லை.
படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

மாடிச் சன்னலிலிருந்து பார்த்தேன்.
நிறுத்தத்தில் தங்கையின் மேல்பொத்தானைப் போட்டுவிட்டு
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
கேட்கவில்லை, வாயசைவு தெரிந்தது.
பேருந்து. சீட்டு. சன்னலோரம். வீடு.
நொடிக்கு ஒன்று.
என்னைவிட நன்றாக வாசிக்கிறாள்;
ஒவ்வொரு சொல்லுக்கும் முகத்தைத் தொட்டு.

திரும்பினேன்.
மாட்டியில் அவர்களுடைய குடை.

நெடுநேரம் அதையே பார்த்தேன்.
வைக்கெவின் தாளை மறுபடி எடுத்து
ஓரத்தில் பென்சிலால் 'குடை' என்று எழுதினேன்.
அழித்தேன்.
மழை விட்டிருந்தது.
மழை விட்டால் குடையை யார்தான் மறக்கமாட்டார்கள்?
நான் போன வாரம் மறந்தேன்,
அதற்கு முந்தின வாரமும்.

எனக்கு எத்தனை என்று நான் பார்த்துக்கொள்ளவில்லை.
குடையை எடுத்துக்கொண்டு
படியில் ஓடினேன்.